வாட்ச்மேன் காவல் காத்த ஹீட்டர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காலை மடக்கி உட்காருங்கள். ஒரு வீட்டு ஹாலில், கண்ணாடித் தொட்டிக்குள் குடியிருந்த குட்டிக் கடலின் கதையைச் சொல்கிறேன்.

அந்த வீட்டில் ஒரு சிறுமி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் துருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொட்டியில் ஆரஞ்சு நிற மீன் ஒன்று. தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரை விட்டு அது நகராது. பக்கத்தில் கை வந்தால் கடிக்கும். அதனால் அது வாட்ச்மேன்.

அன்று ஹீட்டரின் கண்ணாடியில் முடியளவு விரிசல் தெரிந்தது.

"உப்புத் தண்ணி உள்ளே போனா தொட்டி முழுக்க கரண்ட் பாயும். பழசை எடுத்துட்டு புதுசை மாட்டணும்," என்றார் அப்பா, சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

"முதல்ல அதோட சுவிட்ச்சை அணைங்கப்பா."

அப்பா ஒரு சுவிட்ச்சை அணைத்தார். ஹால் மூலையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "என்னங்க, காலர் மட்டும்தான் பாக்கி. பெட்டி ஆறிடும்."

இன்னொன்றை அணைத்தார். டிவி இருண்டது. அப்பாவின் அக்கா, துருவியின் அத்தை, சோபாவில் இருந்தபடி ரிமோட்டை ஓங்கினார். "தம்பி, இப்பத்தான் திருடனைப் பிடிக்கப் போறாங்க. வேணும்னே பண்றியா?"

மிச்சமிருந்ததையும் அணைத்தார். மின்விசிறி நின்றது. "அவ்வளவுதான். எல்லாம் அணைஞ்சாச்சு," என்று தொட்டியை நெருங்கினார்.

துருவி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"கைய விடாதீங்கப்பா. அந்த விளக்கு என்ன, காத்துலயா எரியுது?"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

துருவி டார்ச்சை எடுத்தாள். உப்புப் பூத்த வயரைத் தொடாமல், கண்ணாலேயே அதன் பின்னே போனாள். அது அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, கதவோரம் வளைந்து, பக்கத்து அறையில் கட்டிலுக்கு அடியில் போய் முடிந்தது.

"இங்க யாருப்பா மாட்டினது?"

அப்பா தலையைச் சொறிந்தார். "நான்தான். அப்ப ஹால்ல பிளக் காலியில்ல."

"எப்ப?"

"நீ தவழ்ந்துக்கிட்டு இருந்தப்ப."

அப்பா கையை நன்றாகத் துடைத்து, சுவிட்ச்சை அணைத்து, பிளக்கைக் கழற்றினார். சிவப்பு விளக்கு அணைந்தது. துருவி அந்தப் பிளக்கை ஹாலுக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேலை முடியிற வரைக்கும் இது என் மடியை விட்டு இறங்காது."

ஹீட்டர் சூடு ஆறியதும் அப்பா தண்ணீருக்குள் கையை விட்டார்.

"ஐயோ, ஷாக்!"

அவர் துள்ளிய துள்ளலில் அத்தை சோபா மேல் ஏறி நின்றுவிட்டார்.

துருவி பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். "ஷாக் என் மடியில இருக்குப்பா. கடிச்சது வாட்ச்மேன்."

அம்மா சிரித்த சிரிப்பில், தேய்த்து அடுக்கிய சட்டையெல்லாம் சரிந்தது.

புது ஹீட்டர் தொட்டியில் அதே இடத்தில் ஏறியது. இந்த முறை பிளக் ஹாலிலேயே. அதன் சுவிட்ச்சுக்கு மேல் துருவி ஒரு மீன் படம் வரைந்து ஒட்டினாள். வாட்ச்மேன் புதுசைச் சுற்றிச் சுற்றி வந்து, முறைத்துப் பார்த்து, பிறகு பழையபடி வேலையில் சேர்ந்தது.

"எல்லாம் சரி," என்றார் அத்தை, சோபா மேலிருந்து இறங்காமலே. "அந்தத் திருடன் மாட்டினானா, இல்லையா?"

உங்கள் வீட்டிலும் எரிய வேண்டியது எரியட்டும், அணைய வேண்டியது அணையட்டும், எல்லார் கையும் பத்திரமாக இருக்கட்டும், என் கண்ணுகளா.