ஆடாத பதுமை

செவ்வாய்க் கிரகத்தின் தாழ்குழி நகரத்தில் சனிக்கிழமை இரவானால் எல்லோரும் பல் துலக்கி, தத்தம் இயந்திரப் பதுமையை ஆட்டக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போவார்கள். ஆடுவதற்கு ஒருவர் உடம்பிலும் தெம்பில்லை. கூடத்துக்குப் போகாதவர் என்ற பெயரும் ஆகாது. ஆகவே பதுமை. முகம் உரிமையாளருடையது, மற்றபடி ஊதாக் கொண்டை, புருவத்தில் ஊக்கு, கிழித்துத் தைத்த தோலாடை. பழக்கவழக்கம் உரிமையாளரின் பிடரியில் பதித்த சில்லிலிருந்து பதுமைக்குத் தானாக இறங்கிவிடும்.

அவற்றை வடிக்கும் தணிகாசலத்துக்கு எழுபத்தொரு வயது. ஒரு புகார் நிரூபணமானாலும் உரிமம் போய்விடும். அப்புறம் பனிச்சுரங்கத்தில் மண்வெட்டிதான்.

அவரிடம் பதுமை வாங்கியிருந்த வான்மதி வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க செஞ்சு குடுத்த என் பதுமை மூணு வாரமா ஆடவே இல்ல. ஒரு படத்துலகூட!"

"முட்டிக்கு எண்ணெய் விட்டுத்தாம்மா அனுப்புனேன். நீ கடைசியா எப்ப ஆடுன?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? இந்த வாரமும் ஆடலைன்னா புகார்தான்."

சனிக்கிழமை தணிகாசலம் தூக்கத்தைத் தியாகம் செய்து, கூன் முதுகோடும் அழுக்குப் பனியனோடும் காதில் செருகிய ஸ்க்ரூடிரைவரோடும் கூடத்துக்குப் போனார். இசை இடித்தது. நடுத்தளம் காலி. நானூறு பதுமைகள் சுவரில் சாய்ந்து, யாராவது ஆடினால் படமெடுக்கலாம் என்று படக்கருவியை உயர்த்திப் பிடித்திருந்தன.

குறுக்கே நடந்தவரை ஒரு வயர் தடுக்கியது. விழாமலிருக்கக் கைகளை வீசி, ஒற்றைக் காலில் நான்கு சுற்று சுற்றி, இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார். நானூறு கருவிகளும் மின்னின.

காலையில் வாசலில் வரிசை. முதலில் வான்மதி.

"அண்ணே, ஊரே உங்க ஆட்டத்தத்தான் பாக்குது! எனக்கும் அதே கூனு, அதே பனியன் வேணும். அந்தக் கறையும் விட்றாதீங்க."

"முகம்?"

"முகம் என்னுதுதான்!"

ஒரு மாதம் கண்மூடாமல் நாற்பது கூன்களை வடித்துக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை நாற்பதும் சுவரில் சாய்ந்து நின்றன, கருவியை உயர்த்தியபடி. வான்மதி புகாரை எழுதியே விட்டாள்.

சோதனை அதிகாரி நேரில் வந்தார். அவரும் சுவரில் சாய்ந்தார், சான்றுக்காகக் கருவியை உயர்த்தினார், விடியும்வரை காத்திருந்தார். பிறகு தீர்ப்பு எழுதினார்:

"பழுதில்லை. உரிமையாளர்கள் நேரில் வந்தாலும் இதற்குமேல் செய்யமாட்டார்கள்."