அத்தை ஊட்டிய முதல் வாய்

காலைச் சங்கு ஊதியதும் மிதவூரில் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். வாசலில் வந்து நிற்கும் வண்டியிலிருந்து ஆளுக்கொரு பாசிக்கட்டி. பச்சை நிறம், சோப்புக்கட்டி அளவு, கையில் பிடித்தால் வெதுவெதுப்பு. நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ருசி எப்படி என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தின்ன வேறொன்று இருந்தால் அல்லவா அந்தக் கேள்விக்கு வேலை.

அன்று செசிலி தன் கட்டியைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். இடுப்பில் மகன் இமான், ஏழு மாதக் குழந்தை. ஊசி போடும்வரை பால் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் மட்டும் மெல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"மதினி, நானும் வாரேன்," என்று பெர்னத் பின்னாலேயே வந்தாள். செசிலியின் கணவன் கஸ்பாரின் தங்கை. அவளும் ஆறு மாத வயிற்றோடு இருந்தாள்.

"இந்த வெயில்ல நீ எதுக்குட்டி அலையுத?"

"ஊசி போட்டதும் திரும்பவும் முதல் வாய் ஊட்டணும்லா. அத்தை நானில்லாம யாரு ஊட்டுவா? வசம்பு கூட உரசி எடுத்துட்டு வந்துட்டேன்." கையிலிருந்த சிறு கிண்ணியைக் காட்டினாள். ஆனால் அவள் முகம் செத்திருந்தது. போன மாதம் அவள் கையால் ஊட்டிய முதல் வாயைத்தான் இமான் துப்பினான். தன் கை ராசிதான் சரியில்லை என்று அன்றிலிருந்து அவள் மருகிக்கொண்டிருந்தாள்.

கரையில் வயலெல்லாம் உப்பேறிப் போனபின் கடலில் கட்டிய ஊர் மிதவூர். சோற்றுக்குப் பதில் பாசி வளர்த்தார்கள். அதில் எல்லாச் சத்தும் இருந்தது. கூடவே வாயில் வைக்க முடியாத கசப்பும் இருந்தது. பிள்ளைகள் துப்பின. துப்பிய பிள்ளைகள் மெலிந்து செத்தன. பாசியை மாற்றத் தெரியாத அன்றைய அறிவியலாளர்கள் மனிதனின் நாக்கை மாற்றிவிட்டார்கள்.

நாக்கிலுள்ள உயிரணுக்களின் மேற்பரப்பில் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. கசப்பான பொருள் வந்து அதில் ஒட்டினால் மூளைக்குச் சேதி போகும். அந்த ஏற்பியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. மரபணுவின் வாயை அடைத்துவிட்டால் ஏற்பியும் இல்லை, கசப்பும் இல்லை. பிள்ளை தாய் வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போதே செய்துவிடும் இந்தக் காரியத்தை ஊரார் 'அடைப்பு' என்றார்கள். மூன்று தலைமுறையாக எல்லோருக்கும் அடைத்தாயிற்று. கசப்பு என்ற சொல் மட்டும் மிச்சம். அது எப்படியிருக்கும் என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் கிடையாது.

எப்போதாவது அடைப்பு பிசகும். அதைக் கண்டுபிடிக்கும் இடம்தான் முதல் வாய். பாசிக்கட்டியைக் குழைத்து, வயிற்று உப்புசம் வராமலிருக்கச் சுட்ட வசம்பை உரசிக் கலந்து, அத்தைக்காரி ஊட்டுவாள். பிள்ளை முகம் சுளிக்காமல் விழுங்கினால் பெண்கள் குலவையிடுவார்கள். இமான் சுளித்தான். உடம்பே முறுக்கிக்கொள்ள அத்தனையையும் கக்கினான். குலவைக்குத் தயாரான வாய்கள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன. அதன்பிறகு எத்தனையோ நாள் வயிற்றுக் கோளாறாக இருக்குமோ என்று வசம்பைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தும் அதே கதைதான்.

பிறந்தபின் அடைப்பதென்றால் ஊசி ஒன்றுதான் வழி. அது நாக்கோடு நிற்காது. அதே ஏற்பி மூச்சுக்குழாயிலும் கிருமிக்குக் காவலாக இருக்கிறது, அதையும் சேர்த்து அணைத்துவிடும். எதிர்வீட்டு ரீத்தாவுக்கு அந்த ஊசி போட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று உட்கார்ந்தே தூங்குகிறது. ஊசி வேண்டாமென்றால் பால் மறந்தபின் இமான் எதைத் தின்பான்? ராத்திரியெல்லாம் இதையே நினைத்து அழுதுவிட்டுத்தான் செசிலி புறப்பட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் கூட்டம். இமான் பசியில் வீரிட்டான், அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். பிறகு திடீரென்று அமைதியானான். அழுது ஓய்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று செசிலி குனிந்து பார்த்தாள். முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. பாசிக்கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சப்பிக்கொண்டிருந்தான். மூக்குவரை பச்சை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"வெறும் வயித்துல வரணும்னு சொன்னமே," என்று நர்ஸ் கடுகடுத்தாள். செசிலிக்கு அது காதில் விழவில்லை. கட்டியைப் பிடுங்கப் போனாள். அவன் விடவில்லை.

டாக்டர் நாச்சியார் வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அதுல வேற ஏதும் தடவியிருக்கா?"

"இல்ல டாக்டர். வண்டியில குடுத்த கட்டிதான்."

"அப்ப வீட்டுல எதைக் கொடுத்தப்ப துப்புனான்?"

"இதேதான். குழைச்சு, வசம்பு போட்டு..." சொல்லும்போதே செசிலி சட்டென்று திரும்பினாள். பெர்னத்தின் கையிலிருந்த கிண்ணியை வாங்கி, வசம்பை விரல் நுனியில் தொட்டு இமானின் உதட்டில் வைத்தாள். அவ்வளவுதான். கண்ணை இறுக மூடி, நாக்கை வெளியே தள்ளி, அன்றைக்குப் போலவே முறுக்கிக்கொண்டான். துடைத்துவிட்டதும் மறுபடி பாசிக்கட்டிக்குக் கை நீட்டினான்.

டாக்டர் பெஞ்சின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். வசம்பைத் தானும் தொட்டு நாக்கில் வைத்தார். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. "கடல் கொதிச்ச வருஷம் பழைய பாசியெல்லாம் செத்துப் போச்சு. அப்போ நான் ஸ்கூல்ல படிக்கிறேன். வேற வகை கொண்டுவந்து விட்டாங்க. சத்து எவ்வளவு, விளைச்சல் எவ்வளவுன்னு எல்லாம் பார்த்தாங்க. ருசி பார்க்கத்தான் யாருக்கும் நாக்கு இல்லை."

"அப்ப கசந்தது வசம்புதானா? பாசி கசக்கலையா?" என்றாள் செசிலி.

"அவன் மூஞ்சியப் பாருங்க. அவனை விட்டா யாரைக் கேட்க?"

"ஊசி?"

"எதுக்கு? பேசாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வசம்ப மட்டும் விட்டுருங்க."

செசிலிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. எத்தனை பிள்ளைகளை வீணாக அடைத்துவிட்டோம், ரீத்தாவின் மூச்சுக்கு யார் பதில் சொல்வது என்ற கோபம் அப்புறம் வரும். அது வரத்தான் வேண்டும். இப்போதைக்கு அவள் பிள்ளையின் பச்சை மூக்கில் முத்தமிட்டாள்.

பெர்னத் மட்டும் விலகி நின்றாள். "வசம்பக் கூட்டிக் கூட்டிப் போட்டது நாந்தான மதினி."

"நாமெல்லாம் சேந்துதான் போட்டோம். வா, இப்ப ஊட்டு."

பெர்னத் கிண்ணியைக் குழாயடியில் கழுவிவிட்டு வந்தாள். கட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் குழைத்து இமானின் வாயில் வைத்தாள். விழுங்கினான். இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தான். செசிலி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குலவையிட்டாள். நர்ஸ்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

திரும்பும் வழியில், "ஒனக்கு அடைப்பு அடுத்த வாரம்தான?" என்று கேட்டாள் செசிலி.

பெர்னத் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள். "நான் போவல மதினி," என்றாள். "ஊருக்கே இவன் ஒத்தையா ருசி பாத்துக்கிட்டிருக்க முடியுமா? தொணைக்கு ஒரு ஆளு வேணாமா?"