கோழிகள் திரும்பிய பக்கம்

குருணையை இறைத்ததும் கோழிகள் வழக்கம்போல ஓடி வந்தன, கொத்தவும் செய்தன, ஆனால் ஒன்றின் அலகிலும் ஒரு மணிகூட ஏறவில்லை. சமையலறையின் சிமெண்டுத் தரையில் வெறும் அலகுகள் டொக் டொக்கென்று மோதும் சத்தத்தைக் கேட்டபடி கலைமணி நின்றாள். பிறகுதான் கவனித்தாள். பெரிய கோழிகளின் கழுத்தெல்லாம் திருகியிருந்தன. சிலதுக்கு லேசாக, சிலதுக்குப் பிழிந்த துணிபோல. எல்லாம் கொல்லைச் சுவர்ப் பக்கமாக.

அந்தச் சுவருக்கு அப்பால் தண்ணீர் நின்றது. பிச்சாவரத்து உப்பங்கழி இரவோடு இரவாக ஏறி, கொல்லையையும் கோழிக் கொட்டகையையும் கிள்ளைக்குப் போகும் சாலையையும் மூடிவிட்டிருந்தது. உயர்த்திக் கட்டிய தளத்தின் மேல் வீடு மட்டும் நின்றது. ஒரு கூடம், ஒரு சமையலறை, கம்பி போட்ட வராண்டா. மாடிக்குப் படி இன்னும் கட்டவில்லை. படகுத்துறையில் வேலை பார்க்கும் அவள் கணவன் ராஜவேல் என்ஜின் சாமான் வாங்கக் கடலூர் போனவன், மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டான்.

ஈரச் சிறகின் புளித்த வாடை வீடெங்கும் நிறைந்திருந்தது. போன மழைக்காலத்தில் கழிச்சல் நோய் வந்து மொத்தக் கூட்டமும் போயிற்று. அதன்பின் ஒவ்வொரு பெட்டையாக அடை வைத்து, பருந்துக்கும் கீரிக்கும் காவல் இருந்து அவள் மறுபடி உண்டாக்கியவை இவை.

முற்பகலில் ஒரு படகு வராண்டாவை ஒட்டி வந்து நின்றது. ராஜவேலின் கூட்டாளி அய்யனார்.

"தங்கச்சி, புள்ளையத் தூக்கிக்கினு ஏறு. புயல் கட்டடத்துல சாம்பார் சாதம் ஆறுது."

"கோழிங்கள என்னாண்ணே பண்றது?"

அய்யனார் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். "சீக்குக் கோழியா? அங்க கொண்டாந்தா ஊர்க் கோழியெல்லாம் பூடும். அப்புறம் என் கழுத்தத்தான் திருகுவாங்க."

"அப்ப நானும் வரல."

"மச்சான் கேட்டா என்னான்னு சொல்றது? உன் பொண்டாட்டி கோழிக்குக் காவல் இருக்குதுன்னா?"

"அதையே சொல்லுங்க. கேட்டுக் கேட்டுப் பழகுனவருதான்."

அவர் சிரித்துவிட்டார். "புள்ளையவாவது குடு."

மகள் காயத்ரி அம்மாவின் நைட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயது. நீச்சல் தெரியாது.

"என்ன விட்டு இருக்கமாட்டாண்ணே. தண்ணி இதுக்கு மேல ஏறாது. நாளைக்குக் காத்தால வாங்க."

துடுப்புச் சத்தம் மழைக்குள் போய்த் தேய்ந்தது. அவர் போன பிறகு வீடு முன்பைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஆரோக்கியராஜுக்குப் போன் கிடைக்க வெகு நேரமாயிற்று.

"எச்சம் பச்சையா போவுதா?"

"இல்ல சார், எப்பவும் போலத்தான்."

"கொண்ட கறுத்துச்சா? மூக்குல சளி?"

"ஒண்ணுமில்ல. கழுத்து மட்டும்தான்."

"கழிச்சல் நரம்புல ஏறுனா கழுத்து திருகும்மா. ஒண்ணு இந்தப் பக்கம் திருகும், ஒண்ணு அந்தப் பக்கம்."

"எல்லாம் ஒரே பக்கமா இருக்குதுங்க சார்."

"ஒரே பக்கமாவா? அந்தப் பக்கம் டிவி கிவி ஓடுதா?" சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ஜாஸ்தி திருகுனது ஒரு எடம், கொஞ்சம் திருகுனது ஒரு எடம், நல்லா இருக்கறது ஒரு எடம். தள்ளித் தள்ளி வை. ஒண்ணத் தொட்டா கையக் கழுவிட்டு அடுத்ததத் தொடு. புள்ளையக் கிட்ட விடாத. தண்ணி வடிஞ்சதும் நானே வரேன்."

அப்படியே செய்தாள். மோசமானவற்றைச் சமையலறையில் ஒரு பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் அடைத்தாள். லேசாகத் திருகியவற்றைக் கூடத்து மூலையில் இன்னொரு கூடைக்குள். நோய் தொடாத தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் வராண்டாவில். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். காயத்ரியைக் கூடத்துக் கட்டில் மேல் உட்காரவைத்து, இறங்கக் கூடாது என்றாள்.

மதியத்துக்கு மேல் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சமையலறைக் கூடைக்குத் தண்ணீர் வைக்கப் போனவள், அந்தப் பக்கக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கூடையோடு சேர்த்துத் தள்ளி, கோழிகளை எதிர்ப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். சிறகுகள் உரசின. கால் நகங்கள் தரையைச் சுரண்டின. அவள் எழுந்து நிற்பதற்குள் எல்லாக் கழுத்துகளும் பழையபடி கொல்லைப் பக்கம் போய் நின்றன. கோழிக்கு எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் திருப்பி ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும். வருஷக்கணக்காக வளர்ப்பவளுக்கு அது தெரியும். இவற்றுக்கு நோய் இல்லை என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. இவை பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தக் கூடையிலிருந்த சாம்பல் நிறச் சேவல்தான் முதலில் செத்தது. பார்வை மெல்ல மெல்ல இடப்பக்கமாக நகர, அதன் கழுத்தும் நகர்ந்து, இனிமேல் திரும்ப வழியில்லாத இடத்தில் ஈரக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. உடல் சாய்ந்தது. கால்கள் விறைத்தன. கலைமணி கூடையைத் தூக்கி அதை வெளியே எடுத்தாள். கனமாக, இன்னும் சூடாக இருந்தது. இமை மூடியிருந்தது. தலை மட்டும் அவள் விரல்களுக்கிடையே மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.

கீழே போட்டாள். கை கழுவ மறந்தாள்.

கூடத்துக்கு வந்தாள். அங்கிருந்த கோழிகள் இப்போது கொல்லையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தன. வராண்டாவுக்கு ஓடினாள். நோய் தொடாத தாய்க்கோழி கழுத்தைத் திருகி நின்றது. அதன் காலடியில் பஞ்சு உருண்டைகள்போலக் குஞ்சுகள், கீச்சென்று ஒரு சத்தமில்லாமல், அத்தனையும் அதே பக்கம்.

கம்பவுண்டர் சொன்னபடி தள்ளித் தள்ளி வைத்ததால்தான் அவளுக்கு அது புரிந்தது. ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒரு திசை மட்டும் தெரிந்திருக்கும். மூன்று இடத்திலிருந்தும் மனதில் கோடு இழுத்துப் பார்த்தாள். மூன்றும் வீட்டுக்கு வெளியே, பக்கவாட்டில், தண்ணீரில் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தன.

ஜன்னலைத் திறந்தாள். சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பழுப்பு நீர்ப்பரப்பு முழுக்க மழைத்துளிகள் விழுந்து கொப்புளித்துக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் கொப்புளம் இல்லை. ஓர் ஆள் நிற்கும் அளவு இடம். அங்கேயும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தண்ணீரில் விழவில்லை.

ஜன்னலைச் சாத்தினாள். போனை எடுத்தாள். சிக்னல் இல்லை.

"அய்யனாரண்ணே!" என்று வராண்டாக் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். கழி அவள் குரலை வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை. கதவுக்கு வெளியே கடைசிப் படியும் முழுகியிருந்தது. இறங்கினால் அவளுக்கு மார்பளவு. புள்ளையைத் தூக்கிக்கொண்டு, இழுக்கிற நீரில், இந்த மங்கலில் எவ்வளவு தூரம்? அதுவும் அது நிற்கிற அதே தண்ணீரில்.

காலையில் ஏறியிருக்கலாம். புள்ளையையாவது கொடுத்திருக்கலாம்.

பின்னால் நகங்கள் சுரண்டின.

குஞ்சுகள் திரும்பிக்கொண்டிருந்தன. பக்கவாட்டிலிருந்து மெல்ல, மெல்ல, வீட்டுக்குள்.

கூடத்துக்குப் பாய்ந்தாள். கதவு சாத்தியபடி. ஜன்னல் சாத்தியபடி. தரை காய்ந்திருந்தது. கூடைக்குள் இருந்த கோழிகள் கட்டிலைப் பார்த்தன. சமையலறையில் இருந்தவையும் வாசல் வழியாகக் கட்டிலைப் பார்த்தன.

கட்டிலில் காயத்ரி மட்டும்.

"அம்மா, ஏன் கத்துன?"

அள்ளி எடுத்தாள். சமையலறைக்குப் போனாள். கோழிகளின் கண்கள் கூடவே வந்தன. வராண்டாவுக்கு வந்தாள். குஞ்சுகளின் கண்கள் வந்தன. அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே. பின்னால். மிக அருகில்.

பிடரியில் ஈரக் காற்று படிந்தது.

திரும்பக் கூடாது.

"புள்ள, கண்ண மூடிக்க. அம்மா சொல்றவரைக்கும் தொறக்காத."

"ஏம்மா?"

"மூடு."

குழந்தையின் முகத்தைக் கழுத்துக் குழியில் அழுத்திக்கொண்டு, பின்னந்தலையைக் கையால் மூடினாள். கம்பியைப் பார்த்தாள். கம்பியை மட்டும்.

அப்போது காலடியில் ஒரு குஞ்சு கீச்சென்றது. இன்னொன்று. தாய்க்கோழி கழுத்தை நேராக்கி, சிறகை உதறி, குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளே கூடத்தில் ஒரு பெட்டை கொக்கரித்தது. சமையலறையிலிருந்து நிம்மதியான சின்னச் சின்னக் குரல்கள் வந்தன. ஒவ்வொன்றாகக் கோழிகள் குணமாகிக்கொண்டிருந்தன. எதுவும் இப்போது எதையும் பார்க்கவில்லை.

கலைமணியின் உள்ளங்கைக்குள் அந்தச் சின்னத் தலை அசைந்தது.

"காயத்ரி?"

இரண்டு கையாலும் பிடித்தாள். பலம் கொண்ட மட்டும். குழந்தை திமிறவில்லை, அழவில்லை. சூடான மெல்லிய கழுத்து மட்டும் அவள் விரல்களுக்கிடையே, அவசரமில்லாமல், இடப்பக்கமாகத் திரும்பியது. இன்னும் திரும்பியது.