தண்ணீர் குடிக்கும் முன்

"இத்தனை வருசமா எடுத்தது போதாதாக்கா? அதே வௌவாலு, அதே குளம், அதே..."

"அதே வௌவாலுன்னு எவன்டா சொன்னான்? உனக்குக் கண்ணு..."

"...அதே தண்ணி! தாகத்துக்கு வர்ற ஜீவன் மூஞ்சியில தெனமும் மின்னல் அடிக்கறயே, உனக்கே நல்லாருக்குதா?"

"...கண்ணுன்னு ஒண்ணு இருந்தாத் தெரியும்! நானென்ன கல்லையா எறியறேன்? வெளிச்சந்தானடா!"

"இருவரும் கையை அசைக்க வேண்டாம்" என்றது ஏந்தி.

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். வேலாத்தாள் கையிலும் அவள் தம்பி செங்கோடன் கையிலும் ஆளுக்கொரு கவளம் கம்மஞ்சோறு, வாய்க்கு ஒரு சாண் கீழே அந்தரத்தில் நின்றது. அந்தக் கேமரா இயந்திரம் தன் மூன்று கால்களையும் அகட்டி நின்று, கண்ணாடிக் கண்ணைச் சுருக்கியது. ஒரு மின்னல். ஒரு 'கிளிக்'. கவளங்கள் வாய்க்குள் போயின. மென்று விழுங்கியதும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

குடைவூரில் எந்த வீட்டிலும் சாப்பாடு இப்படித்தான் தொடங்கும். பூமியிலிருந்து செவ்வாய்க்கு வந்த முன்னோர் விட்டுப்போன படப்பேழையில் கோடிக்கணக்கான படங்கள். பாதிக்கு மேல் சாப்பாடு. இலையில் சோறு, தட்டில் தோசை, நுரை தளும்பும் காப்பி, வாய் வரைக்கும் போய் நின்ற கை. இவ்வளவு பக்தியோடு செய்திருக்கிறார்களே, காரணமில்லாமலா இருக்கும் என்று பின்னால் வந்தவர்களும் விடவில்லை. எடுத்த படம் பேழைக்குள் போய்ச் சேரும். யாரும் திறந்து பார்த்ததில்லை. படம் விழுவதற்கு முன்னால் ஒரு பருக்கையை வாயில் போட்டுவிட்டால் மட்டும் வீட்டில் பெரிய ரகளையாகிவிடும்.

ஏந்தியின் வயிற்றில் அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் 'கிளிக்' வெறும் ஓசைதான். அது கேட்டால்தான் படம் விழுந்ததாக ஜனங்களுக்கு நம்பிக்கை வருகிறது என்று யாரோ ஒரு காலத்தில் சேர்த்து வைத்தார்கள்.

"ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாச்சுக்கா" என்றான் செங்கோடன். "நாளையில இருந்து குளத்துப் பக்கம் கேமரா கூடாது."

வேலாத்தாள் தட்டை நகர்த்தி வைத்தாள். "பேசி முடிச்சாங்களா, நீ பேசி முடிக்க வெச்சியா?"

"ரெண்டும்தான்" என்றான், கூச்சமில்லாமல்.

எரிமலைக் குழம்பு ஓடிக் காலியான நீண்ட குகைக்குள் இருந்தது அந்த ஊர். கூரையில் பகல் விளக்குகள். நடுவில் இலுப்பைத் தோப்பு, தோப்புக்கு நடுவில் குளம். தாளிக்கிற எண்ணெய் எல்லாம் இலுப்பைக் கொட்டையிலிருந்து வந்தது. இலுப்பை காய்க்க வேண்டுமானால் பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கப் பழந்தின்னி வௌவால்கள் வேண்டும். அதனால் வௌவால்கள் கப்பலேறி வந்திருந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள், பூமியில் ஆலமரத்து வௌவால் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்த ஒரு ஊர்க்காரர்கள். வௌவாலைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது குடைவூரின் ரத்தத்தில் ஊறியது. செங்கோடனோ குளக்காவல்காரன். தினமும் அந்திவிசையை இறக்கிப் பகலை மங்க வைப்பது அவன் வேலை. அந்தி வந்ததும் வௌவால்கள் தோப்பிலிருந்து கிளம்பும். தண்ணீரை ஒட்டிப் பறந்து, மார்பை ஒருமுறை நனைத்துக்கொண்டு மேலே ஏறும். கிளையில் தலைகீழாகத் தொங்கி, நனைந்த ரோமத்தை நக்கித் தாகம் தீர்த்துக்கொள்ளும்.

மார்பு தண்ணீரில் படுகிற நேரம் ஒரு இமைப்பொழுதுகூட இல்லை. அதற்காகவே வேலாத்தாள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர்க்கோடு கட்டியிருந்தாள். வௌவால் அதை அறுத்ததும் ஏந்தி மின்னும், கிளிக்கும். செவ்வாயில் எடை குறைவு. தெறித்த தண்ணீர் அவசரமில்லாமல் மணிமணியாக மிதந்து இறங்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத படங்கள்தான். ஆனாலும் வேலாத்தாளுக்கு ஒரு குறை.

"எல்லாம் என்னையே பாக்குதுங்கடா" என்பாள். "கல்யாண வீட்டுல வரிசையா நிக்கற சொந்தக்காரங்க மாதிரி. ஒண்ணே ஒண்ணு, தம்பாட்டுக்குக் குடிக்கற மாதிரி கெடைச்சாப் போதும். அதுக்கப்புறம் நானே கேமராவை மூட்டை கட்டிருவேன்."

இப்போது அது கிடைக்காமலேயே மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

முதல் நாள் அந்தியில் செங்கோடன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் நின்றான். "பாத்தியாக்கா, எத்தன நிம்மதியா வட்டமடிக்குதுங்க!"

வட்டம்தான் அடித்தன. அடுத்த நாளும் வட்டம்தான். தாழ வந்தன, தண்ணீர் மேல் தயங்கின, ஏறிப் போயின. ஒன்றுகூட மார்பை நனைக்கவில்லை. செங்கோடன் நிம்மதி என்கிற சொல்லை விட்டுவிட்டான். குளத்து நீரை மாற்றினான். வடிகட்டியைக் கழுவினான். தண்ணீரைச் சுட வைத்தான், ஆற வைத்தான், இலுப்பைப் பூவை ஊற வைத்துக் கலந்துகூடப் பார்த்தான். பழத்திலிருந்த ஈரத்தில் வௌவால்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிறகு தொய்ந்துவிட்டது. இலுப்பைப் பூக்கள் வருவாரில்லாமல் உதிர்ந்து கிடந்தன.

"தண்ணியிலதான் என்னமோ கோளாறு" என்று புலம்பினான். "வௌவாலெல்லாம் செத்துப்போச்சுன்னா ஊரு மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?"

வேலாத்தாளுக்கு அவன்மேல் இருந்த கோபம் அந்தக் குரலில் கரைந்துபோயிற்று. அன்று அந்தியில் வெறுங்கையோடு போய், ஏந்தி வழக்கமாக நிற்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

முதலில் மூளிக்காதி வந்தது. ஒரு காது கிழிந்த கிழட்டுப் பெட்டை. தாழ்ந்தது. கதிர்க்கோடு இருந்த இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தது. இரண்டு சிறகையும் முழுசாக விரித்தது. முகத்தைத் திருப்பி நேராக வேலாத்தாளைப் பார்த்தது. தண்ணீர் மார்புக்கு ஒரு விரற்கடை கீழே. பார்த்துக்கொண்டே கடந்தது. பிறகு எழும்பிப் போய் மறுபடி வந்தது. மறுபடி அதே இடம், அதே விரிப்பு, அதே பார்வை.

அதன் பின்னால் ஒரு குட்டி. இப்போதுதான் தாயை விட்டுத் தனியாகப் பறக்கிறது போலும், கோணல்மாணலாக வந்தது. தண்ணீரில் தொப்பென்று மோதி, நெஞ்சு வயிறெல்லாம் நனைத்துக்கொண்டு, தத்தளித்து ஏறியது. பக்கத்துக் கிளையில் தொங்கிக்கொண்டு, உலகத்தில் வேறு யாருமே இல்லாதது போல நக்கியது. யாரையும் பார்க்கவில்லை.

வேலாத்தாளின் கை தன்னால் கேமராவைத் தேடிப் போனது. இல்லை. கை மடியில் திரும்பி விழுந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்த படம் கண்ணெதிரே நக்கிக்கொண்டிருந்தது, அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. சிரிப்புக்கூட வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னாள். "தண்ணியில ஒண்ணுமில்லடா. ஒரு குட்டி குடிச்சுது, நான் பாத்தேன்."

"நெசமாவா? படம் எங்கே?"

"படமில்ல. பாத்தேன்."

"படமில்லாம எப்படிக்கா நம்பறது? ஊர்க்கூட்டத்துல கேட்டா என்னத்தக் காட்டுவேன்?"

"கேமராவைப் புடுங்கி வெச்சவனே நீதானடா!"

வேலாத்தாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "கேளு கண்ணு. குட்டிக்குக் கேமரான்னா என்னன்னே தெரியாது, அது குடிக்குது. பெருசுங்க பொறந்ததுல இருந்து மின்னலோடதான் குடிச்சிருக்குதுங்க. அதுங்க அம்மாவும் அப்படித்தான், பாட்டியும் அப்படித்தான். மின்னல் அடிச்சாத்தான் குடிக்கலாம்னு நெனச்சிட்டிருக்குதுங்க. மூளிக்காதி என்னைய எப்படிப் பாத்துதுன்னு நெனைக்கற? என்ன இன்னும் எடுக்கலையான்னு கேக்கற மாதிரி!"

"போக்கா!" என்றான் செங்கோடன். ஆனால் மறுநாள் அந்திவிசையை இறக்கிவிட்டு, அவனே ஏந்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "வெளிச்சம் மட்டும் போதும். படமெல்லாம் எடுக்கக்கூடாது. சத்தமும் கூடாது."

மூளிக்காதி வந்தது. சிறகை விரித்தது, பார்த்தது. ஏந்தி ஓசையில்லாமல் மின்னியது. வௌவால் இன்னும் தாழ்ந்தது. நனைக்காமல் ஏறிவிட்டது.

"பாத்தியா, நான்தான் சொன்னேனே..."

"இருடா. ஏந்தி, முழுசாப் பண்ணு."

"முழுமையாக என்றால் ஓசையுடனா?" என்றது ஏந்தி. "ஓசைக்கும் படத்துக்கும் தொடர்பு கிடையாது. அது மனிதர்களின் திருப்திக்காக..."

"பண்ணுன்னா பண்ணேன்!"

மின்னல். கிளிக்.

மறுபடி தாழ்ந்து வந்த மூளிக்காதியின் மார்பு தண்ணீரைத் தொட்டது. நீர்மணிகள் எழும்பி, சோம்பலாகச் சுழன்று, ஒவ்வொன்றாகக் குளத்தில் இறங்கின. பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. மின்னல், கிளிக், மின்னல், கிளிக். தோப்பு முழுக்க நக்குகிற ஓசை கேட்டது. செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெறித்துவிட்டதாகச் சொன்னான். குட்டியும் வந்தது. பெரியவை போன வழியிலேயே தாழ்ந்து, அதே இடத்தில் சிறகை விரித்து, முகத்தைத் திருப்பிக் கேமராவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அதுவும் கற்றுக்கொண்டுவிட்டது.

ஊர்க்கூட்டம் மறுபடி கூடியது. வௌவாலைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதால் இனி அந்திதோறும் தவறாமல் படம் எடுக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. எடுக்கிற வேலை வேலாத்தாளின் ஏந்திக்கே. கடைசி வௌவால் குடித்து முடிக்கும்வரை ஏந்தி குளக்கரையை விட்டு நகரக்கூடாது.

அன்று வீட்டில் இலுப்பெண்ணெயில் தாளித்த கீரை. கம்மஞ்சோற்றில் ஆவி பறந்தது. அக்காளும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பிசைந்தார்கள். ஜன்னல் வழியாகத் தூரத்தில் மின்னுவது தெரிந்தது, கிளிக்குவது கேட்டது. வேலாத்தாளுக்கு மனசு லேசாக இருந்தது. அவளுக்கு வேண்டிய படம் இனி கிடைக்கப்போவதில்லை. பார்த்தாயிற்று, போதும்.

"நெனைக்க நெனைக்கச் சிரிப்பா வருதுக்கா" என்றான் செங்கோடன், கவளத்தைத் தூக்கியபடி. "தொண்டை காயுது. தண்ணி நெஞ்சுக்குக் கீழயே இருக்குது. எட்டி ஒரு வாய் குடிக்கறதுக்கு என்ன கேடு? ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், அது வந்தாத்தான் ஆச்சாமா! நெம்பப் புத்திசாலின்னு நெனச்சிருந்தேன். அஞ்சறிவு அஞ்சறிவுதான்."

"ஆமாமா" என்று வேலாத்தாளும் சிரித்தாள்.

சிரித்து முடித்தார்கள். கீரையின் ஆவி அடங்கியது. செங்கோடனின் கவளம் வாய்க்கு ஒரு சாண் கீழே நின்றது. வேலாத்தாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் குனிந்து தன் கையைப் பார்த்தாள். அதுவும் அந்தரத்தில்தான் நின்றது.

தூரத்தில் மின்னல். கிளிக்.

"ஏனுங்கக்கா," என்றான் செங்கோடன், "பசி உசுரு போகுது, ஏந்தி வர இன்னும் எத்தன நேரமாகும்?"