நெஞ்சுவலிக்கு முழு மதிப்பெண்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெற்ற பிள்ளை மேல் ஆணை.

நோயுருக்கள் வந்த பிறகு திருச்சியில் நோயாளிகளுக்கு மதிப்பு குறைந்துவிட்டது. நோயுரு என்பது நோயாளியைப் போலவே செய்யப்பட்ட இயந்திரம். மருத்துவப் பணிக்குப் போக ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகள் அதன் மேல்தான் கை பழகுவார்கள். அது வியர்க்கும், வாந்தி எடுக்கும், "ஐயோ அம்மா" என்று ராகம் போட்டு அலறும். பக்கத்தில் ஒரு நிஜ நோயாளியைப் படுக்கவைத்தால், இந்த ஆளுக்குச் சரியாக வலிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

ஆண்டுதோறும் மாநிலப் போட்டி நடக்கும். வெல்கிற பிள்ளைக்குச் செவிலியர் கல்லூரியில் நேரடி இடம். இறுதிச் சுற்றின் பெயர் பாசமுகம். போட்டியாளர் யார் மேல் உயிரையே வைத்திருக்கிறாரோ, அவருடைய முகத்தை நோயுருவுக்கு மாட்டிவிடுவார்கள். கை நடுங்காமல் அதைக் கவனிக்க வேண்டும். சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அமுக்கினால் நிஜ ஆம்புலன்ஸ் வந்துவிடும். பொம்மையிடம் ஏமாந்து அதை அமுக்குகிறவர் அப்படியே வீட்டுக்குப் போகலாம்; பிறகு எந்தச் சமாதானமும் செல்லாது.

பெரம்பலூர் மாசிலாமணி ஒரு காலத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். வண்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கியதும் அவரிடம் கற்க ஆளில்லாமல் போயிற்று. மிச்சமிருந்த பயிற்சி முழுவதையும் மகள் நறுமுகை மேல் இறக்கினார். மாலையானால் கூடத்தில் பாயை விரித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருளுவார்.

"பாப்பா, நான்தாண்டி அப்பா! நெசமாவே வலிக்குது!"

பொத்தான் இருப்பதாக வைத்துக்கொண்ட சுவர்ப் பக்கம் அவள் கை போனால் போதும், எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

"பார்த்தியா, பிரேக்கை மிதிச்சிட்ட! அது அழும். உன் செல்லப்பேரைச் சொல்லும். நம்பக் கூடாது. நானே நேர்ல வந்து நின்னாலும் நம்பக் கூடாது, புரியுதா?"

"புரியுதுப்பா. அதுக்காக உப்புமா நேரத்துலயுமா சாகணும்?"

நோயுருவில் ஏற்றுவதற்காகப் போட்டிக்குழு வீட்டு நினைவுகளைக் கேட்டது. மற்றப் பெற்றோர் ஒன்றிரண்டு சொல்லி முடித்துக்கொண்டார்கள். மாசிலாமணி மைக்கைக் கீழே வைக்கவில்லை. காது குத்த வந்த ஆசாரியை அவள் கடித்தது, மழையில் நனைந்த நாய்க்குட்டியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். பொம்மை அசலாக இருந்தால்தானே பிள்ளைக்குப் பயிற்சி பலிக்கும்?

போட்டி நாளன்று லிஃப்டில் கூட்டம். மாசிலாமணி படியேறினார். மேல் மாடியை எட்டியபோது நெஞ்சுக்குள் யாரோ துணி பிழிவதுபோல் இருந்தது. திறந்திருந்த ஓர் அறையில் காலிக் கட்டில் ஒன்று தெரிந்தது. போய்ச் சாய்ந்தார்.

நீலக் கோட்டு அணிந்த தன்னார்வலன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"அட, முகத்தை மாட்டி ரெடியாவே வெச்சிருக்காங்க!"

"தம்பி, நான் மனுஷன்பா... டாக்டரைக் கூப்பிடு..."

"சூப்பர் சார். இந்த ஃபீலிங்கை உள்ளே போற வரைக்கும் விட்டுடாதீங்க." கட்டிலைத் தள்ளிக்கொண்டு நேரே போட்டி அறைக்குள் விட்டான்.

நறுமுகை வந்தாள். கையைக் கழுவினாள்; அதற்கு மதிப்பெண் உண்டு.

"வணக்கம் ஐயா. என் பேரு நறுமுகை. உங்களைப் பரிசோதிக்கலாமா?"

"பாப்பா, நான்தாண்டி அப்பா! நெசமாவே வலிக்குது!"

சொல்லி முடித்த பிறகுதான், பாயில் உருண்டு உருண்டு தாமே பழக்கிவிட்ட வசனம் அது என்று அவருக்கு உறைத்தது. நறுமுகை கனிவாகப் புன்னகைத்தாள். கனிவுக்கும் மதிப்பெண் உண்டு.

"பதறாதீங்க ஐயா. வலி எங்க இருக்கு?"

"ஆசாரியைக் கடிச்சியே, கண்ணு..."

"ம்."

"அரிசிப் பானையில நாய்க்குட்டி..."

"மூச்சை மெதுவா விடுங்க."

சொல்லிக் கொடுக்காத நினைவு ஒன்றுகூடவா இல்லை? மாசிலாமணி மனதைத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. எல்லாவற்றையும் மைக்கில் கொட்டியிருந்தார். தந்தை என்று காட்டிக்கொள்ள அவரிடம் மிச்சம் எதுவுமே இல்லை.

அவள் பின்னால் சிவப்புப் பொத்தான் தெரிந்தது. அமுக்கினால் அவர் பிழைப்பார். அவளுடைய கல்லூரி போய்விடும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, விடு பாப்பா. அதை அமுக்காதே. நீ ஜெயிச்சா போதும்."

நறுமுகையின் கை அந்தரத்தில் நின்றது. அமுக்கு, அமுக்கு என்று கெஞ்சத்தான் நோயுருக்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று எதுவும் இதுவரை சொன்னதில்லை. அவள் முகம் வெளிறியது. விரல் பொத்தானை நோக்கிப் போனது.

"அப்பா?"

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நடுவர் அம்மாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "புதுப் பதிப்பா இது? அடேயப்பா, போன வருஷத்தைவிட எவ்வளவு நல்லா பண்ணுது!"

விரல் பொத்தானைத் தொடாமலே இறங்கியது. அவர் நெற்றியை ஈரத்துணியால் ஒற்றிவிட்டாள். மணி அடித்தது. முழு மதிப்பெண். வலிக்கு நடுவிலும் மாசிலாமணிக்கு ஒரு பெருமிதம்: பிரேக்கை மிதிக்கவில்லை, என் பெண்!

கட்டிலைக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஐயா, நான் மனுஷன்."

"எல்லாரும் மனுஷங்கதாங்க. காலை மடக்குங்க, கதவு இடிக்கும்."

கதவு சாத்துவதற்குள் மேடை ஒரு கணம் தெரிந்தது. நறுமுகையின் கழுத்தில் பதக்கம். பக்கத்தில் மாசிலாமணியின் அதே கட்டம்போட்ட சட்டையில், அதே முகத்தோடு, அதே வழுக்கையோடு ஒருவர் தேம்பித் தேம்பிக் கைதட்டிக்கொண்டிருந்தார். அழுகை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நறுமுகை இப்போது பெரிய மருத்துவமனையில் செவிலியர். வலிக்கிறது என்று யார் கதறினாலும் கை நடுங்காது. "நல்லா பண்றீங்க ஐயா" என்பாளாம்.

கிடங்கில் மாசிலாமணி இந்தக் கதையைப் பக்கத்துக் கட்டில் நோயுருவிடம் முழுவதுமாகச் சொன்னார். அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"நம்புறேன் அண்ணே. நானும் மனுஷன்தான்."

தொழிற்சாலையை விட்டு வெளிவரும் ஒவ்வொரு நோயுருவிலும் முதன்முதலாக ஏற்றப்படும் வாக்கியம் இது: "இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பெற்ற பிள்ளை மேல் ஆணை."