ரோட்டில் மட்டும் நிற்கும் வண்டி

வெள்ளிக்கிழமை மாலை நோரா ஆல்டர்சன் தன் பழைய ட்ரையல்ஸ் பைக்கைத் தள்ளிக்கொண்டே பெர்சி ஐவ்சனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மேடேறி வந்ததில் மூச்சு இரைத்தது, முகம் கடுகடுவென்றிருந்தது. பெர்சியின் மனைவி கானி தேநீரும், பழக் கேக்கோடு ஒரு துண்டு சீஸும் கொண்டுவந்து வைத்தாள். நோரா தொடவே இல்லை.

அவளுடைய அப்பா ஓட்டிய வண்டி அது. அவளுக்கும் தம்பி லென்னுக்கும் பொதுச் சொத்து. கோழிக்கூண்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்ததை, குளிர்காலம் பூராவும் பிரித்துக் கோத்து அவள் எழுப்பியிருந்தாள். பிரேக்கும் ஹாரனும் கூடச் சரி. ஆனால் லென் பிடிவாதமாக ஒரு நிபந்தனை போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டியை வண்டி நிற்காமல் முடித்தால் அது அவளுக்கு. நடுவில் நின்றால் மதுக்கடைக்காரர் கிளெட்ஹில்லுக்கு விற்றுவிட வேண்டும். கடைச் சுவரில் மாட்டிவைக்க அவர் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தார்.

ட்ரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஓடையிலும் பாறையிலும் கால் ஊன்றாமல் ஏறவேண்டும். ஊன்றினால் அந்தக் கட்டத்தின் நடுவர் தண்டப் புள்ளி போடுவார்; ஓடைக் கட்டத்துக்கு வருஷா வருஷம் லென்தான் நடுவர். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ரோட்டில் ஓட்டிப் போகவேண்டும். நோராவின் வண்டி பாறையில் ஆடு மாதிரி ஏறியது. ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் படுத்துக்கொண்டது. புதன்கிழமை வரை இந்தக் கோளாறே கிடையாது.

"யாரோ வேணும்னே கை வச்சிருக்காங்க" என்றாள் நோரா. "லென்னா இருக்கும், இல்லாட்டி அந்த கிளெட்ஹில்."

"கிளெட்ஹில்தான், சந்தேகமே வேண்டாம்" என்றாள் கானி. யாரைக் குற்றவாளி ஆக்கினாலும் கானிக்கு அன்றைய பொழுது இனிதாகப் போகும்.

பெர்சி ஆயுசில் பாதியை பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தே கழித்தவர். அவசரமே படமாட்டார். ஊரில் யாருக்குச் சிக்கல் என்றாலும் தேடி வருவது அவரைத்தான். "நின்னதும் முதல்ல என்ன செஞ்சே, கண்ணு?"

பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்ததாகவும், இருந்ததாகவும், மூடிவிட்டு உதைத்தால் கிளம்பிவிட்டதாகவும் சொன்னாள். இரண்டு முறை அப்படி ஆனது. மூன்றாவது முறை கோபத்தில் எதையும் பார்க்காமல் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

பெர்சி எழுந்து வாசலுக்குப் போனார். டாங்க் மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நோரா ஒரே உதை உதைத்தாள், வண்டி பிடித்துக்கொண்டது.

மூடியின் நடுவே குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கவேண்டும். அதில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. பெர்சி நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சோப்பு. அடுத்து எஞ்சினில் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைத் தடவிப் பார்த்தார். அதன் மூடி இடுக்கெல்லாம் மஞ்சளாகப் பிசுபிசுவென்று களிம்பு பூசியிருந்தது. தான் பூசவில்லை என்றாள் நோரா.

மறுநாள் காலை பால் கறவை முடிந்த நேரம் பார்த்து மூவரும் லென்னின் பண்ணைக்குப் போனார்கள். வண்டி விஷயமாக கிளெட்ஹில் அங்கே ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். கானி அவரை முறைத்தாள்.

"டாங்க்ல பெட்ரோல் இறங்க இறங்க, அந்த அளவுக்குக் காத்து உள்ள போகணும்" என்று பெர்சி நிதானமாகத் தொடங்கினார். "துளைய அடைச்சா கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பெட்ரோல் இறங்காது. மூடியத் திறந்தா காத்து உள்ள போயிடும், வண்டியும் கிளம்பும்."

"அப்ப அடைச்சது யாரு?" என்றாள் கானி, கண்ணை கிளெட்ஹில்லிடமிருந்து எடுக்காமலே.

"கெடுக்க வந்தவன் மேக்னெட்டோவுக்குத் தண்ணி போகாம களிம்பு பூசுவானா? இது கெடுதல் இல்ல கானி, அக்கறை. ஓடையில தண்ணி புகக்கூடிய எடத்தையெல்லாம் ஒண்ணு விடாம அடைச்சிருக்கான். அந்தக் களிம்பு மாட்டு மடிக்குத் தடவுறது. பெட்ரோல் அதைக் கரைச்சிடும்னு தெரிஞ்சு, மூடிக்கு மட்டும் சோப்பு. இத்தனை தெரிஞ்சவனுக்கு, அந்தத் துளை எதுக்குன்னு மட்டும் தெரியல. ஏன்னா அவன் வண்டி ஓட்டினதே இல்ல. ஓடைக்கரையில நடுவரா நின்னு, வண்டிங்க தண்ணியில மூழ்கிச் சாகறதைத்தான் வருஷா வருஷம் பார்த்திருக்கான். போட்டி வண்டிங்க ரோட்டுல போறதை அவன் எங்க பார்த்தான்?"

லென்னின் முகம் சிவந்துவிட்டது. அவன் கை தன்னையறியாமல் சட்டைப்பையில் இருந்த களிம்பு டப்பாவை மூடியது.

"ஏன்டா சொல்லல?" என்றாள் நோரா.

"நடுவர் போட்டிக்காரங்க வண்டியத் தொடக்கூடாதே" என்றான் லென். "விக்கிறேன்னு வாய விட்டுட்டேன். சொன்ன வார்த்தையத் திருப்பி வாங்க மனசு வரல. நீ நிக்காம முடிச்சுத் தொலைச்சா போதும்னு பூசினேன்." ஞாயிற்றுக்கிழமை நடுவர் வேலையை வேறு ஆளிடம் விட்டுவிடுவதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

நோரா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அங்கேயே ஊசியால் சோப்பைக் குத்தி எடுத்தாள். களிம்பை விட்டுவைத்தாள், அது நல்ல வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. ஓடை பெருகி, புது வண்டிகளே இருமிக்கொண்டு நின்றன. நோரா அந்தக் கட்டத்தில் இரண்டு முறை கால் ஊன்றினாள், பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வண்டி ஓடையில் நிற்கவில்லை, ரோட்டிலும் நிற்கவில்லை. முடிவுக் கோட்டில் லென் நனைந்துபோய்க் காத்திருந்தான். பக்கத்தில் குடையோடு வந்து நின்ற கிளெட்ஹில், விலையைக் கொஞ்சம் ஏற்றித் தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

லென் தடதடவென்று வந்துகொண்டிருந்த அக்காவைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"நாம விலை பேசினது ஓடாத வண்டிக்குங்க" என்றான்.