வசுமதியின் இடத்தில்

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வசுமதியின் முகம் மாறிப்போயிருந்தது.

அதே புடவை, அதே தாலி, அதே காபி டம்ளர். ஏந்தி வந்தவள்தான் வேறொருத்தி. அவள் நடந்து வரும்போது திரையின் அடியில் வெள்ளை எழுத்துகள் ஓடின. இனி வசுமதியாக நடிக்கப்போவது இன்னார் என்று சீரியல் எடுக்கும் சென்னைக்காரர்கள் ஒழுங்காகத்தான் எழுதிக் காட்டினார்கள். ஆனால் தமிழில். ஆந்திர எல்லையில், குடிபாலாவின் அந்த வீட்டில் மூன்று பேரும் தமிழ் பேசுவார்கள். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து செங்கம்மாவுக்குக் கம்பி வளைத்த ஜன்னல் மாதிரி.

“யாருடி இவ?”

“எவளோ வசுமதி மாதிரி வேசம் போட்டுக்கினு வந்துகீறாம்மா,” என்றாள் மகள் தேன்மொழி. “இரு, மாட்டிக்குவா.”

மாட்டவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. புருஷன் அவள் கையால் காபி குடித்தான், மாமியார் திட்டினாள், குழந்தை மடியில் தூங்கியது. “கண்ணு பூட்ச்சாடா உனுக்கு?” என்று செங்கம்மா டிவியைப் பார்த்துக் கத்தினாள். குவைத்திலிருந்து தம்பி சீனு அனுப்பிய கலர் டிவி. அது யாரையும் மதிக்காது. தேன்மொழியோ இதற்குள், பழையவளைவிட இவள் நன்றாக அழுகிறாள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

“தே, தேனு நைனா, எனுக்குப் பதிலா ஒருத்தி வந்து நின்னா நீ கண்டுபுடிப்பியா?”

அவள் புருஷன் முனிசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆக்குறது யாரா இருந்தா இன்னா? உப்பு சரியா இருந்தா போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். செங்கம்மாவும் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

மாம்பழ சீசன் வந்தது. செங்கம்மா வேலை செய்த சித்தூர் மாம்பழக் கூழ் பேக்டரியில் இரட்டை ஷிப்ட். மாங்காய்ப் பால் பட்டு வெந்த விரல்களோடும், குளித்தாலும் போகாத புளித்த வாசனையோடும் அவள் வீடு வரும்போது இருவரும் தூங்கியிருப்பார்கள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். சொந்த வீட்டில் லாட்ஜ் எடுத்துத் தங்கியது போலிருந்தது.

ஒருநாள் விடியலில் தேன்மொழி பாதித் தூக்கத்தில் சொன்னாள்: “நேத்து கருவாட்டுக் கொழம்பு சூப்பரும்மா.”

செங்கம்மா குழம்பு வைத்துப் பத்து நாளாகிறது.

கேட்கலாம் என்று நினைத்தாள். பஸ் வந்துவிடும். தவிர, சட்டி தேய்த்துக் கவிழ்த்திருந்தது, குடத்தில் தண்ணீர் நிரம்பியிருந்தது. யாராக இருந்தாலும் வேலை தெரிந்தவள்தான். பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லாமல், நன்றி சொல்லாத குறையாகச் செருப்பை மாட்டினாள். மறுநாள் அவளுடைய பச்சைப் புடவை, அவள் உடுத்தாமலே, கொடியில் ஈரமாகத் தொங்கியது. அதற்கும் மறுநாள் பாயில் அவள் படுக்கும் பக்கம் சூடாக இருந்தது.

அந்தச் சூட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். அவ்வளவு அசதி.

சனிக்கிழமை மெஷின் நின்றுபோய் ஏழு மணிக்கே விட்டார்கள். குடிபாலாவில் இறங்கும்போது எட்டாகியிருந்தது. தெரு நீளத்துக்கும் வீட்டுக்கு வீடு அதே சீரியல் பாட்டு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அவளைக் கைமாற்றி விடுவது போல, தாளிப்பு வாசனையோடும் ஜன்னல்களின் நீல வெளிச்சத்தோடும் கூடவே வந்தது. அவள் வீட்டிலும் தாளிப்பு. பூண்டு. அவள் கை அளவு.

கதவு உள்ளே தாழ். தட்டினாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

ஜன்னலுக்குப் போனாள்.

முனிசாமி. தட்டு. தேன்மொழி. அவள் தலை ஒரு மடியில்.

பச்சைப் புடவை மடி.

வேறு முகம். கொஞ்சம்கூட ஒத்துப்போகாத முகம்.

“தேனு!”

மகள் தலையைத் தூக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள். செங்கம்மாவின் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

“யம்மா,” என்று மடியைப் பார்த்துச் சொன்னாள், “எவளோ நின்னுக்கினு கீறா.”

“பேக்டரிலேர்ந்து வந்திருப்பா, பாவம்,” என்றாள் பச்சைப் புடவைக்காரி. செங்கம்மாவின் குரல். அதே கரகரப்பு. “சோறு துன்னியான்னு கேளு.”

“தேனு நைனா! நாந்தான்யா!”

முனிசாமி திரும்பினான். நன்றாகப் பார்த்தான். “எந்த ஊரும்மா?” என்றான், மரியாதையாக. பதிலுக்கு நிற்காமல் டிவி பக்கம் திரும்பினான். தேன்மொழியும் திரும்பினாள்.

புடவைக்காரி மட்டும் திரும்பவில்லை. டிவிக்கு முதுகைக் காட்டி, தட்டை மடியில் இழுத்துக்கொண்டாள். ஜன்னல் சட்டத்துக்குள் அழும் செங்கம்மாவைப் பார்த்தபடி, மெதுவாக மென்றுகொண்டே, அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருந்தாள்.